லண்டன்ல பச்சைத் தண்ணில எங்க எறங்கலாம்? லைடோவா, குளமா, கடலா?

போன வாரம் என் சித்தி பொண்ணு ஃபோன் பண்ணா. குராய்டன்ல இருக்கா, ரெண்டு வருஷமா ஹீட்டட் பூலுக்குப் போய் நீச்சல் கத்துக்கிட்டு இப்போ நாப்பது லெங்த் விடாம நீந்துறா. "யக்கா, இந்தக் குளிருக்கு நானும் உன்கூட வெளித்தண்ணிக்கு வரேன், எங்க சேரட்டும் சொல்லு"ன்னா. ஒரு வார்த்தைல சொல்லிடலாம்னு ஆரம்பிச்சேன், முக்கா மணி நேரம் ஆகியும் முடியல, ஏன்னா அவ கேட்டது எந்தத் தண்ணில எறங்கினா நல்லா இருக்கும்னு, நான் சொல்ல வந்தது எந்தத் தண்ணில இருந்து ஏறி வர்றது நல்லா இருக்கும்னு. எழுதி அனுப்பறேன்டின்னு சொல்லி வச்சேன். உக்காந்து எழுதும்போது, லண்டன்ல நம்மாளுங்க இன்னும் நெறைய பேர் இதே கேள்வியோட இருப்பாங்கன்னு தோணுச்சு, அதனால எல்லாருக்குமாவே எழுதறேன்.

நான் அம்பாசமுத்திரம். தாமிரபரணி படித்துறைல வளந்தவ. மார்கழி மாசம் விடியக்காலைல ஆச்சி எங்களை எழுப்பி ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவாங்க, வெளில பனி கொட்டும், பல்லு கிடுகிடுக்கும், ஆனா தண்ணிக்குள்ள காலை வச்சா வெதுவெதுன்னு இருக்கும். ராத்திரில காத்து குளிர்ற வேகத்துக்கு ஆத்துத் தண்ணி குளிராதுல்ல, அதான். மூணு முங்கு முங்கி எந்திரிச்சு ஈரத் தலையோட கோயிலுக்கு ஓடுவோம், பொங்கல் வாங்கித் திங்கும்போது உடம்பெல்லாம் கணகணன்னு இருக்கும். இங்க வந்து நாலஞ்சு வருஷம் ஹீட்டர் போட்ட வீடு, ஹீட்டர் போட்ட பஸ், ஹீட்டர் போட்ட ஆபீஸ்னு போனதுல அந்த உடம்பு எங்க போச்சுன்னே தெரியல. அதைத் தேடித்தான் முதல் தடவை எறங்கினேன். இப்போ எட்டு குளிர்காலம் ஆச்சு.

என்ன சுகம் அதுலன்னு கேப்பாங்க. முதல் அரை நிமிஷம் சுகமே இல்ல, உடம்பு பூரா மிளகாய் அரைச்சுத் தடவின மாதிரி எரியும், மூச்சு நெஞ்சுக்கூட்டுக்குள்ள அடைச்சுக்கிட்டு நிக்கும். அப்புறம் ஒரு மூச்சு நீளமா வெளிய போகும் பாருங்க, அந்த எடத்துலதான் ஆரம்பிக்குது. மனசுக்குள்ள ஓடிட்டிருந்த ரெண்ட், ஸ்கூல் ஃபீஸ், ஊர்ல அம்மாவோட முட்டிவலி எல்லாம் கப்புனு நின்னு போயிடும், தண்ணி கழுத்துக்கிட்ட இருக்கு, கை முன்னாடி போகுது, அவ்ளோதான் உலகம். ஏறி வந்து துவட்டும்போது உள்ளங்கையெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கும், அன்னிக்குப் பூரா யார் என்ன சொன்னாலும் சிரிச்சிட்டே பதில் சொல்லுவேன். வீட்ல என் புள்ளைங்களுக்கே தெரியும், அம்மா தண்ணிக்குப் போயிட்டு வந்த நாள் எதுன்னு.

எடம் தேர்ந்தெடுக்கறதுக்கு முன்னாடி உடம்பு என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும், ஏன்னா அதுதான் என் ஒப்பீட்டுக்கே அடிப்படை. காத்தை விடத் தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா சூட்டை உறிஞ்சும். 15 டிகிரிக்குக் கீழ எறங்கினா முதல் ரெண்டு மூணு நிமிஷம் மூச்சு நம்ம கைல இருக்காது, வாய் தானா பொளந்து இழுக்கும், அப்போ முகம் தண்ணிக்குள்ள இருந்தா தண்ணியத்தான் இழுக்கும். குளிர்த் தண்ணில சாவு நடக்கறது பெரும்பாலும் இந்த முதல் சில நிமிஷத்துலதான். போர்ட்ஸ்மத் யூனிவர்சிட்டில மைக் டிப்டன்னு ஒரு பேராசிரியர் பல வருஷமா இதையே ஆராய்ச்சி பண்றவர், அஞ்சாறு தடவை மும்மூணு நிமிஷம் எறங்கிப் பழகினாலே இந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகும்னு அவங்க ஆராய்ச்சி சொல்லுது. அதனால செப்டம்பர்ல தண்ணி இன்னும் 17, 18ல இருக்கும்போதே ஆரம்பிச்சு வாராவாரம் விடாமப் போனா டிசம்பர் தானா வந்து சேரும். ஜனவரில நேரா போய்க் குதிக்கறது வேண்டவே வேண்டாம்.

இது எறங்கறதோட கதை. எல்லாரும் இதைப் பத்தித்தான் பேசுவாங்க. ஏறின அப்புறம் தான் குளிர் உள்ள எறங்கும்ங்கிறது பல பேருக்குத் தெரியாது. தண்ணிக்குள்ள இருக்கும்போது கைகால்ல ரத்த ஓட்டத்தை உடம்பு சுருக்கி வச்சிருக்கும், வெளிய வந்ததும் அந்தக் குளிர்ந்த தோலும் சதையும் உள்ளருந்து இன்னும் சூட்டை இழுத்துட்டே இருக்கும், அதனால ஏறி பத்து நிமிஷத்துலேர்ந்து அரை மணி நேரம் வரைக்கும் உள்சூடு எறங்கிட்டே போகும். ஆஃப்டர் டிராப்னு சொல்றாங்க. தண்ணில இருந்து வந்ததும் "நல்லாத்தானே இருக்கேன்"னு தோணும், அந்த நெனப்பை நம்பவே கூடாது. நான் எந்த எடத்துக்குப் போனாலும் மனசுக்குள்ள ஒரு கணக்கு போடுவேன், தண்ணிலருந்து கால் வெளிய வந்ததுல இருந்து காஞ்ச துணி போட்டு கைல டீ பிடிக்கற வரைக்கும் எத்தனை நிமிஷம், அங்கருந்து வீட்டுக்கு எத்தனை நிமிஷம். இந்த ரெண்டு நம்பரையும் வச்சுத்தான் கீழ எல்லாம் சொல்லப் போறேன்.

முதல்ல டூட்டிங் பெக் லைடோ, லைடோன்னா திறந்தவெளி நீச்சல் குளம், அது என் வீட்லருந்து கால் மணி நேர நடை. 1906ல திறந்தது, வேலையில்லாம இருந்த ஆளுங்களுக்கு வேலை குடுக்கறதுக்காக அவங்களை வச்சே வெட்டின குளம். 100 கஜம் நீளம், 33 கஜம் அகலம், இங்கிலாந்துலயே பெரிய திறந்தவெளி நீச்சல் குளங்கள்ல ஒண்ணு, ஹீட்டர் கெடையாது. ஓரமா வரிசையா துணி மாத்தற ரூம், கதவெல்லாம் பளிச்பளிச்னு கலர் அடிச்சிருக்கும், மழை மூட்டத்துல சாம்பல் பூத்த லண்டன் காலைல அந்தக் கதவுகளைப் பாக்கறதே ஒரு தெம்பு. கோடைல யார் வேணா டிக்கெட் எடுத்துப் போகலாம், கூட்டம் அம்மும். குளிர்காலத்துல சவுத் லண்டன் ஸ்விம்மிங் கிளப் மெம்பர்களுக்கு மட்டும் தான், அந்த கிளப்பும் அதே 1906ல ஆரம்பிச்சதுதான், அதனால சேர்றது எப்பன்னு முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கணும், அக்டோபர்ல போய் நின்னா லேட். 2003ல குளிர்நீர் நீச்சல் சாம்பியன்ஷிப்னு ஒண்ணு இங்க ஆரம்பிச்சாங்க, நீளவாட்டுல இல்ல, அகலவாட்டுல ஒரு தடவை போறதுதான் ரேஸ்.

அந்த அகலவாட்டு நீச்சல் தான் புதுசா வர்றவங்களுக்கு வரப்பிரசாதம். ஒரு கரைலருந்து இன்னொரு கரைக்கு 30 மீட்டர், எந்த எடத்துல மூச்சு முட்டினாலும் சுவர் பக்கத்துலயே இருக்கு, அடி தெரியுது, தரை சமமா இருக்கு, பாசி கெடையாது. போன ஜனவரில ஒரு நாள் மூலைல மெல்லிசா ஐஸ் கட்டியிருந்துச்சு. கண்ணாடி வளையல் துண்டு மாதிரி, கைய வச்சதும் கலகலன்னு ஒடைஞ்சு தண்ணில மெதந்துச்சு, பக்கத்துல இருந்த எழுபது வயசு அம்மா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு "லவ்லி"ன்னு சொல்லிட்டு முங்கினாங்க. நான் நாலு அகலம் போயிட்டு ஏறினேன். படிலருந்து ரூம் கதவுக்குப் பத்து அடி கூட இல்ல. நம்ம கணக்குப்படி டீ கைக்கு வர அஞ்சு நிமிஷம், வீட்டுக்கு இருபது. போற வழில டூட்டிங் ரோட்டுல சுடச்சுட பொங்கல் வடை. இந்த வசதி வேற எங்கயும் கெடையாது.

கொறைன்னா ஒண்ணு தான். குளோரின் வாசனை. நீலப் பெயின்ட் அடிச்ச தொட்டி, எவ்ளோ பெருசா இருந்தாலும் தொட்டி. குளிர் அதேதான், சில நாள் 2 டிகிரி, ஆனா கண்ணை மூடினா ஆத்து ஞாபகம் வராது. பார்லிமென்ட் ஹில் லைடோ, பிராக்வெல் லைடோ ரெண்டும் இதே ரகம், 1930கள்ல கட்டினது, வடக்கு லண்டன்காரங்களுக்கு முதல் ஒண்ணு, பிரிக்ஸ்டன் பக்கம் இருக்கறவங்களுக்கு ரெண்டாவது. பார்லிமென்ட் ஹில்ல தொட்டிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பதிச்சிருக்காங்க, வெயில் அடிச்சா புதுப் பாத்திரம் மாதிரி தண்ணி மின்னும்.

இப்போ ஹாம்ஸ்டெட் ஹீத் குளங்கள். இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு வீட்ல சொல்லுவாங்க. லண்டனுக்குக் குடிதண்ணி குடுக்கறதுக்காக நூத்துக்கணக்கான வருஷம் முன்னாடி ஊத்து ஓடைகளை மறிச்சு வெட்டின குளங்கள், ஃப்ளீட்ங்கிற ஆறு பொறக்கற எடம், அந்த ஆறு இப்போ லண்டனுக்கு அடியில சாக்கடைக் குழாய்க்குள்ள ஓடுது, ஆனா தலைமாட்டுல இன்னும் திறந்த வெளியா, மரத்தடியா இருக்கு. நீந்தறதுக்கு மூணு குளம். ஆம்பளைங்க குளம் 1893ல திறந்தது, பொம்பளைங்க குளம் 1925ல, இன்னொண்ணு ரெண்டு பேருக்கும் பொது. ஆம்பளைங்க குளத்துலயும் பொம்பளைங்க குளத்துலயும் வருஷம் பூரா லைஃப்கார்டு இருக்காங்க, அது எவ்ளோ பெரிய விஷயம்னு கடலைப் பத்திச் சொல்லும்போது புரியும். முன்னாடி உண்டியல் மாதிரி மனசுக்குத் தோணின காசைப் போட்டுட்டுப் போவாங்க, 2020ல இருந்து கட்டாயக் கட்டணம், அதுல பழைய ஆளுங்களுக்கு இன்னும் மனவருத்தம் உண்டு, எனக்கும் தான். நடக்கற தூரத்துல இருக்கற ஓய்வூதியக்காரங்க தினம் வந்து முங்கிட்டுப் போன எடத்துல டிக்கெட் கேக்கறது சரியாப் படல.

பொம்பளைங்க குளத்துக்கு மில்ஃபீல்ட் லேன்ங்கிற சந்து வழியா போகணும். கேட்டுல "ஆண்களுக்கு இதுக்கு மேல அனுமதி இல்லை"ன்னு போர்டு. உள்ள போனா மரங்களுக்கு நடுவுல பச்சை கலந்த பழுப்புத் தண்ணி, கடுங்காப்பில பால் ஒரு சொட்டு விட்ட நெறம். மேடைல ஒரு போர்டுல அன்னிக்கு டிகிரி எழுதியிருக்கும். ஏணியப் பிடிச்சு எறங்கணும், அடில கால் எட்டாது, மேடை ஓரத்துலயே ஆழம் தான், அதனால நீச்சல் சரியா தெரியாதவங்களுக்கு இந்த எடம் கெடையாது. எறங்கினதும் நம்ம கை தண்ணிக்குள்ள ஒரு அடிக்குக் கீழ போனதுமே தேன் கலர்ல மங்கி மறைஞ்சுடும். மூஞ்சி தண்ணி மட்டத்துல இருக்கும்போது தாழைக்கோழி ஒண்ணு சிவப்பு மூக்கோட கைக்கெட்டற தூரத்துல நம்மளைத் தாண்டிப் போகும், அதுக்கு நம்மளைப் பத்தி ஒரு பயமும் இருக்காது, நாம அந்தக் குளத்துல இன்னொரு ஜீவன். ஒரு அக்டோபர்ல மீன்கொத்தி பாத்தேன். நீலமா ஒரு கோடு, தண்ணிக்கு ரெண்டு அடி மேல, அவ்ளோதான், ஆனா அன்னிக்கு நீந்தின நாலு பேரும் அப்படியே கைய நிறுத்திட்டு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம்.

நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு நான் இந்தக் குளத்தை அழுத்திச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. நம்மள்ல நெறைய பேருக்குத் தண்ணி பயம் கெடையாது, யார் பாக்கறாங்களோங்கிற கூச்சம் தான் பயம். வயசுக்கு வந்ததும் ஆத்துக்குப் போகாதேன்னு நிறுத்தினவங்க எத்தனை பேர், எனக்கே பன்னெண்டு வயசோட நின்னுச்சு. இங்க எல்லா வயசுலயும், எல்லா உடம்பும், ஆபரேஷன் தழும்போட, தொங்கின வயித்தோட, சாதாரணமா நடந்து போகுது, யாரும் திரும்பிக் கூடப் பாக்கறதில்ல. கை நீளம், கால் நீளம் வச்ச நீச்சல் டிரெஸ் போட்டும் எறங்கலாம், அது நீச்சல் துணியா மட்டும் இருக்கணும், காட்டன் வேண்டாம், தண்ணி குடிச்சுக் கனத்துக் கீழ இழுக்கும். இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு முதல் தடவை அந்த ஏணில இருந்து கைய விட்டப்போ, ஆச்சி கரைல நின்னு "மெதுவாட்டீ"ன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு எனக்கு.

தலைமுடிக்கு ஒரு வார்த்தை. நீளமுடிக்காரங்க குளிர்காலத்துல மேலுக்குக் குளிக்கற மாதிரி கழுத்து வரைக்கும் போதும், தலைக்குக் குளிக்கவே வேண்டாம். கொண்டை போட்டு மேல கம்பளிக் குல்லா, தலை தூக்கின பிரெஸ்ட் ஸ்ட்ரோக். அங்க பாதிப் பேர் அப்படித்தான் போறாங்க.

ஏறுற கணக்குல குளம் ரெண்டாம் எடம் தான். ஏணி நல்லா இருக்கு, ஆளுங்க இருக்காங்க, துணி மாத்த எடம் இருக்கு, டீக்கு நம்ம ஃப்ளாஸ்க் தான் துணை. ஆனா எனக்கு டூட்டிங்ல இருந்து போக வர நார்தர்ன் லைன்லயும் நடையிலயும் சேத்து ஒவ்வொரு பக்கமும் ஒரு மணி நேரத்துக்கு மேல. நவம்பர் வரைக்கும் பரவால்ல, ஜனவரில நடுங்கிட்டே சேத்து வழில நடக்கறது கஷ்டம். குளிர் ஏற ஏற நீந்தற எடத்தையும் கயிறு கட்டிச் சின்னதாக்கிடுவாங்க, அது நல்லதுக்குத் தான். காம்டன், கென்டிஷ் டவுன், ஆர்ச்வே பக்கம் வீடு இருந்தா யோசிக்கவே வேண்டாம், இங்கயே சேந்துடுங்க.

செர்பன்டைன் பத்திச் சீக்கிரமா சொல்லிடறேன். ஹைட் பார்க்ல 1730ல வெட்டின ஏரி. செர்பன்டைன் ஸ்விம்மிங் கிளப் 1864ல இருந்து இருக்கு, கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலைல 100 கஜ ரேஸ் நடக்கும், பீட்டர் பேன் எழுதின ஜே. எம். பேரி 1904ல கப் குடுத்ததுல இருந்து அதுக்குப் பீட்டர் பேன் கப்னே பேரு. நகரத்துக்கு நடுவுல அன்னப்பறவைகளோட நீந்தறது அழகு தான், ஆபீஸ் அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்குக் காலைல ரொம்ப வசதி. ஆனா குளிர்காலத்துல மெம்பர்களுக்கு மட்டும், அதுவும் காலங்காத்தால. வாத்து எச்சம் நெறைய, காலுக்கு ஷூ போடுங்க. எனக்கு ஒட்டல, ஒரே ஒரு சீசனோட விட்டுட்டேன்.

அடுத்தது கடல். பிரைட்டன். ரயில் ஏறினா ஒரு மணி நேரம். குளிர்த் தண்ணி பைத்தியம் இந்த ஊருக்குப் புதுசு இல்ல, 18ம் நூற்றாண்டுல ரிச்சர்ட் ரசல்னு ஒரு டாக்டர் கடல் தண்ணி தான் மருந்துன்னு எழுதப் போய் பணக்காரங்க எல்லாம் இந்த ஊருக்கு வந்து முங்க ஆரம்பிச்சாங்க. அதே ஊர்ல கொஞ்ச காலம் கழிச்சு நம்ம பாட்னாக்காரர் சேக் தீன் முகமது நீராவிக் குளியல் கடை போட்டு, சம்பிங்கிற மசாஜ் பண்ணிவிட்டு, ராஜாவுக்கே ஷாம்பூ சர்ஜன் ஆனார். குளிர்ல முங்கறதுக்கு ஒரு ஊர்னா சூடேத்தறதுக்கு ஒரு ஆள் வேணும்ல. அவர் கல்லறை இன்னும் அங்க செயின்ட் நிக்கலஸ் சர்ச்ல இருக்கு, நான் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பாத்துட்டு வருவேன்.

கடலுக்குன்னு ஒரு பெரிய பிளஸ் இருக்கு, பல பேர் கவனிக்கறதில்ல. கடல் மெதுவா குளிரும், மெதுவா சூடாகும். நவம்பர்ல குளம் 8, 9க்கு வந்துடும், கடல் இன்னும் 12ல நிக்கும். நடுக்குளிர்காலத்துலயே லைடோ 2, 3னு இருக்கும்போது கடல் 7, 8க்குக் கீழ போறது அபூர்வம். ஆனா மே மாசம் ஆச்சுன்னா அப்படியே தலைகீழ், குளம் சூடேறிடும், கடல் இன்னும் வெறைச்சுக்கிட்டுக் கெடக்கும். அதனால தண்ணி டிகிரிய மட்டும் பாத்தா அக்டோபர் நவம்பருக்குக் கடல், ஏப்ரல் மேக்குக் குளம்.

டிகிரிய மட்டும் பாத்தா. ஏறுற கணக்கு போட்டா கடல் தான் கடைசி. ரெண்டு வருஷம் முன்னாடி நவம்பர் நடுவுல ஒரு சாயங்காலம் தனியா போனேன். அந்த நேரத்துல மைனாக் கூட்டத்தைச் சேந்த ஸ்டார்லிங் குருவிங்க ஆயிரக்கணக்குல, கடலுக்குள்ள நீட்டிக் கட்டியிருக்கற பியர் பாலத்து மேல வந்து அடையும், அடையறதுக்கு முன்னாடி வானத்துல ஒரு துணிய உதறின மாதிரி சுருண்டு விரிஞ்சு ஆடும். தண்ணிக்குள்ள மல்லாக்க மெதந்துக்கிட்டு அதைப் பாத்தேன். அந்த மாதிரி ஒரு காட்சிய என் வாழ்க்கைல நான் பாத்ததில்ல. எட்டு நிமிஷம்னு நெனச்சு எறங்கினவ இருபது நிமிஷம் இருந்துட்டேன், உப்புத் தண்ணி வேற தாங்கிப் பிடிக்குதா, நேரமே தெரியல. ஏறும்போது தான் தெரிஞ்சுது. பிரைட்டன் கரை மணல் கெடையாது, பூரா கூழாங்கல், அதுவும் செங்குத்தா எறங்கும், அலை உருண்டு வராம அப்படியே தலைல கொட்டும். மரத்துப்போன காலோட ரெண்டு தடவை எந்திரிச்சேன், ரெண்டு தடவையும் அலை கல்லோட சேத்து உள்ள இழுத்துச்சு. மூணாவது தடவை தவழ்ந்து வந்தேன், முட்டி ரெண்டும் ரத்தம். காத்து ஈரத்துல அடிக்குது, விரல் மடங்க மாட்டேங்குது, ஜிப் போட முடியல. சரி ரயில்ல போய்ச் சூடாயிக்கலாம்னு அரைகுறையா மாத்திட்டு ஓடினேன். ரயில் கெளம்பிக் கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சுது நடுக்கம், தாடை அடிச்சுக்குது, டிக்கெட் கேட்டவருக்குப் பதில் சொன்னா வாய் குழறுது. பக்கத்து சீட்டு அம்மா தன் கோட்டைக் கழட்டி என் மேல போத்தி, என் ரெண்டு கையையும் அவங்க கைக்குள்ள வச்சுக்கிட்டே வந்தாங்க. எறங்கற வரைக்கும் விடல.

வீட்டுக்கு வந்து இதைக் கீழ் வீட்டு அக்காகிட்டச் சொன்னேன். பருத்தித்துறைக்காரங்க. நான் எப்போ பையைத் தூக்கிட்டுப் போனாலும் "இந்தக் குளிருக்கை ஏன் பிள்ளை தண்ணிக்கை இறங்குறீங்கள்? கவனமாப் போட்டு வாங்கோ"ன்னு ஜன்னல்ல இருந்து சொல்றவங்க. அன்னிக்கு இஞ்சி போட்டு ஒரு பிளேன் டீ குடுத்துட்டு, அவங்க ஊருக்குப் பக்கத்து வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் கதையச் சொன்னாங்க. 1971ல பாக்கு நீரிணைய போக வர ரெண்டு பக்கமும் நீந்தினவர். 1984 ஆகஸ்ட்ல இங்கிலீஷ் சேனலைக் கடக்கப் போய் அந்தத் தண்ணிலயே உயிரை விட்டார். "எங்கட கடலிலை அவரை ஒருத்தரும் வெல்லேலாது பிள்ளை"ன்னு சொல்லும்போது அவங்க குரல் கம்மிடுச்சு. நம்ம பக்கத்துக் கடல் 27, 28 டிகிரி. சேனல் நடுக்கோடைலயே அதுல பத்து டிகிரிக்கு மேல கம்மி. நம்ம ஊர்ல எவ்ளோ நீந்தியிருந்தாலும் இங்க குளிருக்குத் தனியாக் கணக்கு வைக்கணும்னு எனக்கு அன்னிக்குத்தான் நெஞ்சுல பதிஞ்சுது.

அதனால பிரைட்டன் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், அந்தக் குருவிங்களை எப்படி வேண்டாம்னு சொல்றது. தனியாப் போகாதீங்க. குளிர்காலத்துல அங்க லைஃப்கார்டு கெடையாது. அலை இருந்தா கரைலயே உக்காந்து பாத்துட்டு வாங்க. பெருமழை பேஞ்ச அடுத்த ரெண்டு நாள் கழிவுநீர் கடல்ல திறந்துவிட்டிருப்பாங்க, அதுக்கு சர்ஃபர்ஸ் அகெயின்ஸ்ட் சீவேஜ் அமைப்போட ஆப் இருக்கு, பாத்துட்டுப் போங்க.

ஆறு? ஆத்தங்கரைல பொறந்த நானே குளிர்காலத்துல இங்க ஆத்துல எறங்கறதில்ல. தேம்ஸ் டெட்டிங்டன் வரைக்கும் கடலோட ஏத்த எறக்கத்துல ஆடற ஆறு, பட்னி பாலத்துல இருந்து கிழக்க அனுமதி இல்லாம நீந்தவே கூடாது. மேல ஆக்ஸ்ஃபர்டு பக்கம் கோடைல அருமையா இருக்கும், ஆனா மழைக்கு அப்புறம் ஓட்டம் கூடினா எறங்கின எடத்துல ஏற விடாது, மரத்த கையோட வேற கரை தேடணும். ஏற எடம் நம்ம கைல இல்லாத தண்ணி எனக்கு வேண்டாம்.

அப்போ யார் எங்க போகணும்? நீச்சல் தெரியும், குளிர் புதுசு, முதல் வருஷம்னா கண்ணை மூடிட்டு லைடோ, உங்க வீட்டுக்குக் கிட்டத்துல எது இருக்கோ அது. எவ்ளோ அழகான எடமா இருந்தாலும் ரெண்டு ரயில் மாறிப் போகணும்னா மூணாவது வாரம் மழையப் பாத்துட்டுப் படுத்துடுவோம், அஞ்சாறு தடவை பழகினாத்தான் உடம்பு ஏத்துக்கும்னு சொன்னேன்ல, அந்த அஞ்சாறு தடவை நடக்கற எடம் தான் நல்ல எடம். ரெண்டாம் வருஷத்துல இருந்து குளம், மனசுக்கு எல்லாத்துலயும் மேல அதுதான், இதுல எனக்குச் சந்தேகமே கெடையாது. நல்லா பழகினவங்க, கூட ரெண்டு பேரோட, அலையில்லாத நாள்ல கடல். நெஞ்சுவலி, பிரஷர், ஆஸ்துமா இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க டாக்டர்கிட்டக் கேக்காம எங்கயும் வேண்டாம். நம்மாளுங்களுக்கு இதய நோயும் சுகரும் கூடவே வர்ற வியாதி, இதைச் சும்மா சம்பிரதாயத்துக்குச் சொல்லல, சுகர்னால கால்ல உணர்ச்சி கம்மியா இருந்தா குளிர் எவ்ளோ ஏறுச்சுன்னே தெரியாது.

சாமான் பெருசா வேண்டாம். நூறு நூத்தம்பது பவுண்டுக்கு துணி மாத்தற நீள அங்கி, ரோப்னு விக்கறாங்க, எனக்கு அதை விட நைட்டி ஒசத்தி. பட்டன் கெடையாது, ஜிப் கெடையாது, தலை வழியா மாட்டினா முடிஞ்சுது, உள்ளருந்து ஈரத்தை உருவிடலாம். படித்துறைல நம்ம அம்மாமாரெல்லாம் ஒரு பாவாடைய வாயில கடிச்சுக்கிட்டு ஈரம் மாத்தற வித்தை இங்க யாருக்கும் தெரியாது, லைடோல ஒரு வெள்ளைக்காரம்மா என்கிட்டக் கேட்டுக் கத்துக்கிட்டாங்க. கைக்கும் காலுக்கும் நியோப்ரீன் க்ளவுஸ், ஷூ மட்டும் வாங்கிடுங்க, விரல் தான் முதல்ல செத்துப்போகும். ஏறினதும் மேல்பாதியத்தான் முதல்ல துவட்டி மூடணும், சுடுதண்ணி ஷவர்ல உடனே போய் நிக்காதீங்க, ரத்தம் சட்டுனு தோலுக்கு வந்து தலை சுத்தும். தண்ணி எத்தனை டிகிரியோ அத்தனை நிமிஷத்துக்கு மேல வேண்டாம்னு ஒரு பேச்சு உண்டு, நான் முதல் வருஷம் அதுலயும் பாதி தான் இருந்தேன்.

என் தங்கச்சிக்கு முடிவு சொல்லிட்டேன். குராய்டன்ல இருந்து அவளுக்கு லைடோ தான் கிட்ட, இந்தக் குளிர்காலத்துக்கு அங்க மெம்பர் ஆகட்டும். ஆனா தண்ணி 16க்கு எறங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அவளைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போகணும், வர்ற சனிக்கிழமை காலைல. ரெண்டு ஜோடி சாக்ஸ், கம்பளிக் குல்லா, ஒரு பழைய நைட்டி எடுத்துட்டு ஏழரைக்கு கென்டிஷ் டவுன் ஸ்டேஷன் வாசல்ல நிக்கச் சொல்லியிருக்கேன். இஞ்சி டீ கீழ் வீட்டு அக்கா போட்டுத் தரேன்னுட்டாங்க, ரெண்டு பேருக்கும் சேத்துப் பெரிய ஃப்ளாஸ்க்ல.